இரண்டு இரவுக்கு ஒரு அறை

நோன்பு 6, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. முற்றத்துப் புழுதி முழுவதும் தையல் மெசின் மேல். பெருநாள் உடுப்பு ஓடர்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கும் ஒரே துணி வேண்டுமாம். சந்தையில் தொலைந்தால் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம் என்றேன். சிரிக்கவில்லை.

வாங்க: கறுப்பு நூல், பொத்தான், நீளச் சிப், கஞ்சிக்கு இறைச்சி, சைனபுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி.

பின்னேரம் ஜெசி வந்தாள். பள்ளிமுனைப் பிள்ளை. தலைமன்னார் றோட்டில் கடற்கரையோரம் இருக்கும் ரிசோட்டில் ரிசப்சனில் வேலை. அவளுடைய சட்டையை மடித்துக் கொடுத்துக்கொண்டே, பெருநாளையொட்டி அறை எப்படி என்று யாருக்கோ விசாரிப்பது போலக் கேட்டேன்.

"ஆருக்கக்கா?"

"கொழும்பில ஒரு சொந்தம்."

என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கும் அண்ணாவுக்கும் எண்டா நல்ல அறையாப் பாத்துத் தாறன்" என்றாள். முகம் அவ்வளவு காட்டிக் கொடுத்திருக்கிறது.

இரண்டு வழி இருக்கிறதாம். இப்போதே காசு கட்டினால் முன்பதிவு விலை, ஆனால் திகதி மாற்ற முடியாது, காசும் திரும்பாது. இல்லாவிட்டால் பொறுக்கலாம். பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் இந்த மாதத்தோடு போய்விடுவார்கள், பிறகு அறைகள் சும்மா கிடக்கும், விலையில் கழிவு போடுவார்கள். ஆனால் பெருநாளுக்குக் கொழும்பு, கண்டிப் பக்கத்திலிருந்து வான் வானாகச் சனம் வந்தால் கழிவும் இல்லை, அறையும் இல்லை. "எது நடக்கும் எண்டு எங்கட மனேச்சருக்கே தெரியாதக்கா" என்றாள் ஜெ.

யாரும் வாசிக்கப் போவதில்லை, ஒளிக்காமல் எழுதுகிறேன். மச்சான், சைனபின் வாப்பா, தோஹாவுக்கு வேலைக்குப் போய் இந்தமுறை மூன்று வருஷம். நோன்பு முடியும் தறுவாயில் வருகிறார், மூன்று கிழமை லீவு. வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் என் உம்மாவும் மகள் சைனபும். மற்றதில் நான், கட்டில், மெசின், ஊராருடைய துணி. அளவு கொடுக்க வருகிறவர்கள் நேரே உள்ளே வந்துவிடுவார்கள். போன லீவில் அவர் நித்திரை கொள்ளும்போதே கால்மாட்டில் நின்று ஒரு மாமி கை அளவு கொடுத்தார். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துத் துணிக்குவியல் மாதிரிக் கிடந்தார். அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நான் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலில். பக்கத்துக் குடும்பத்தின் இருமலும் எங்கள் இருமலும் ஒன்று. ஊர் திரும்பி, வீடு கட்டி, கலியாணமும் முடிந்தாயிற்று. இன்னும் உள்ளிருந்து பூட்டுகிற ஒரு அறையில் நான் படுத்ததில்லை.

இரண்டு இரவு போதும். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். இனிப் போகாதீங்கோ என்று. வீட்டில் வைத்துக் கேட்டால் அது என் பேச்சாக இராது, பத்துப் பேர் கூடித் தீர்க்கிற விசயமாகிவிடும்.

நோன்பு 9, வெள்ளி

வெக்கை. கரண்ட் இரண்டு தரம் போனது.

அவர் வீடியோவில் வந்தார். முதலில் உம்மா, தன் பிரசர்க் குளிசை பற்றி. பிறகு சைனப், விழுந்த பல்லை போனுக்குள் தள்ளிவிடுகிற மாதிரிக் காட்டினாள். என் முறை வரும்போது அவருக்குச் சார்ஜ் இல்லை. எப்போதும் இதே கதை.

தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய் நின்று ரிசோட் விசயத்தை வொய்சில் அனுப்பினேன். பதில் மஃரிப் தொழுகைக்கு முன் வந்தது. காதில் வயரை மாட்டிக்கொண்டு மூன்று தரம் கேட்டேன்.

"பொறு புள்ள. அவசரப்படாத. கடைசி நேரத்தில குறைப்பான்கள். வெறும் அறைய வெச்சு என்ன செய்யப் போறான்கள்?"

இதுதான் அவர். மாபிள் விலை குறையும், பொறு என்றார். இரண்டு மடங்கு ஏறியது, நிலம் இன்னும் சீமெந்து. ஃபிரிஜ்ஜுக்கும் பொறு. பொறுத்துப் பொறுத்து எனக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. என்னை யாரும் கழிவில் தரப் போவதில்லை.

ஆனாலும் அந்தக் குரல். "புள்ள" என்று சொல்லும்போது கடைசி எழுத்தை விழுங்குவார். அதற்காகத்தான் மூன்று தரம்.

இல்லாமல் வாடுவது: தொழுகைக்கு உளூ செய்துவிட்டு நனைந்த கையை என் முந்தானையில் துடைப்பது. மாம்பழத்தில் கொட்டையை முதலில் எடுத்துக்கொள்வது. நித்திரையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது. அவருக்கே தெரியாது அதைச் செய்வது.

நோன்பு 13, செவ்வாய்

ரிசோட்டுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கப் போனேன். ஜெ. பிடித்துத் தந்த ஓடர். பஸ்ஸுக்கு முன்னால் கழுதைகள் றோட்டை விடவில்லை. சாரதி இறங்கிப் போய்க் கும்பிட்டுப் பார்த்தார், அதற்கும் அசையவில்லை.

ஜெ. நாலாம் அறையைத் திறந்து காட்டினாள். "பாத்துக்கொண்டிருங்கோ, வாறன்" என்று போய்விட்டாள்.

கட்டில். வெள்ளை விரிப்பு. யன்னலில் கடல், வற்று நேரம், தூரத்தில் ஒரு வள்ளம். கிளாஸ் மேல் கடதாசி மூடி. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். ஒரு சத்தம் இல்லை. யாரும் என்னைத் தேடவில்லை, யாரும் சிப் பிய்ந்துவிட்டது என்று வரவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தேன். விரிப்புக் கசங்குமே என்று முழுதாக இருக்கவும் பயம். கண்ணாடியில் நெற்றியோரம் நரை தெரிந்தது. இந்த மனிதர் என்னைக் கறுப்பு முடியோடு பார்த்த நாட்களை மொத்தமாகச் சேர்த்தால் ஒரு வருஷம் வராது என்று நினைத்தேன். அழுகை வந்தது. நோன்போடு அழுதால் தொண்டை வேறு காய்கிறது.

வெளியே வந்தபோது ஜெ. சொன்னாள்: "பெருநாளுக்கு மூண்டு அறை புக் போட்டாச்சக்கா. இருக்கிறதே பத்துத்தான்."

நோன்பு திறந்த பிறகு உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"சொந்த ஊரில காசு குடுத்துப் படுக்கப் போறியளோ? இஞ்ச பாய் இல்லையோ?"

கொஞ்ச நேரம் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். "அங்க ஹலால் சாப்பாடோ?" இன்னும் கொஞ்ச நேரம். "அப்ப சைனபையும் கூட்டிக்கொண்டு போங்கோவன். புள்ளயும் கடலைப் பாக்கும்."

தீவில் பிறந்த பிள்ளை. கடலைப் பார்க்கவில்லையாம்.

நோன்பு 18, ஞாயிறு

லீவு உறுதி. அடுத்த திங்கள் விடிய வருகிறார். அல்ஹம்துலில்லாஹ். மெசினிலிருந்து எழும்பி, திரும்ப இருந்து, திரும்ப எழும்பினேன்.

பகல் ஜெ. போன். "அக்கா, ரெண்டே ரெண்டு அறை. விலையும் ஒருக்கா ஏத்திப்போட்டாங்கள். குறையும் எண்டு பாத்துக்கொண்டு இராதேங்கோ."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அவருக்கு வொய்ஸ் அனுப்பினேன்: "நீங்கள் இண்டைக்குப் போடாட்டி நான் மெசினை வித்துப் போட்டு அந்த அறையைப் போடுவன். பிறகு வெறும் மேலோட திரிவீங்களோ என்னவோ, எனக்குத் தெரியாது."

அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். போட்டுவிட்டார்! கார்ட்டில் கட்டி, பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். சனி, ஞாயிறு. இரண்டு இரவு. நாலாம் அறை. கீழே: "வெள்ளி பெருநாள். சனி போறம். சந்தோசமா?"

சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். ஜிப்பாவில் கழுத்து வெட்டும்போதே பாட்டு முணுமுணுத்தேன். உம்மா நோன்பை நினைவுபடுத்தினார்.

பிறகுதான் உறைத்தது. வெள்ளி யாருடைய பெருநாள்?

அவர் தோஹாக் கலண்டரைப் பார்த்துப் போட்டிருக்கிறார். அவர்கள் நமக்கு ஒரு நாள் முந்தி நோன்பு பிடித்தவர்கள். நமக்கு வியாழக்கிழமைதான் இருபத்தொன்பது. அன்று மாலை பிறை கண்டால் வெள்ளி பெருநாள், எல்லாம் சரி. காணாவிட்டால் வெள்ளி முப்பதாம் நோன்பு, சனி பெருநாள். பெருநாளன்று வீட்டை விட்டு ரிசோட்டுக்குப் போனால் ஊர் மூன்று மாதத்துக்கு வேறு பேச்சுப் பேசாது.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"அடடா. அதை நான் யோசிக்கல்ல புள்ள."

ஜெ.யிடம் கேட்டேன். திகதி மாறாதாம்.

நோன்பு 26, திங்கள்

வந்துவிட்டார். தாடியில் நரை. மெலிவு. வாசலில் வானை விட்டு இறங்கி, எல்லாத் தலைக்கும் மேலால் என்னைத் தேடினார். நான் குசினி வாசலில். பார்த்தோம். அவ்வளவுதான், இடையில் ஊர் வந்துவிட்டது.

பகல் முழுவதும் சனம். நோன்பு என்பதால் தேத்தண்ணி ஊற்றத் தேவையில்லை, அது ஒன்றுதான் நிம்மதி. நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பையை நீட்டும்போது விரல் பட்டது. உம்மாவின் தங்கை குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டார். பெண்களுக்கு என் அறை. அவருக்கு விறாந்தையில் பாய்.

அவர் தோஹாவில் இருந்தபோது ஏங்கியது பரவாயில்லை. பத்தடி தள்ளி அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது அதைவிடக் கொடுமை.

நோன்பு 29, வியாழன்

காலையில் வானம் துப்புரவு. பகலிலும் துப்புரவு. அசருக்குப் பிறகு மேற்கே மேகம். எங்கிருந்து வந்ததோ.

கரையில் ஊரே நின்றது. சைனப் இரண்டு தரம் பிறை கண்டுபிடித்தாள், ஒன்று கொக்கு. உம்மா, முப்பதும் பூரணமாகக் கிடைக்க வேண்டும் என்று துஆக் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்று நேர் எதிராகக் கேட்டேன். ஒரே பாயில் தொழுகிறவர்கள் நாங்கள்.

றேடியோ: பிறை தென்படவில்லை. நாளை நோன்பு.

"அப்ப எனக்கு முப்பத்தொண்டு" என்றார் அவர். விறாந்தை முழுவதும் சிரிப்பு. தோஹாவில் ஒன்று முந்திப் பிடித்து இங்கே வந்து ஒன்று பிந்தி முடிக்கிற மனிதர். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் மெசினில் இருந்து, ஒரு சட்டைக் கையை மறுபுறமாக வைத்துத் தைத்து, பிரித்து, திரும்பவும் அதே மறுபுறமாகத் தைத்தேன்.

பெருநாள், சனி

தொழுகை. வட்டிலப்பம். சனம். சனம். சனம்.

பகல் அவருடைய உம்மா புத்தளத்திலிருந்து வந்தார். மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். "இண்டைக்கு நீ எங்கயும் போகாத மகன், உம்மாக்குப் பக்கத்தில இரி." நானும் ஒரு தாய்தான், என்ன சொல்ல. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அறை திறக்கிற நேரம்.

இருட்டிவிட்டது. காசு கட்டிய அறை பூட்டிக் கிடக்கிறது. விரிப்பில் ஒரு கசங்கல்கூட இராது. இன்னும் ஒரு இரவு இருக்கிறது.

திங்கள், பகல்

நேற்று ளுஹர் தொழுதுவிட்டு ஓட்டோவில் போனோம். சைனப், வீட்டில் தங்கியிருந்த பிள்ளைகளோடு விளையாட்டு, திரும்பியும் பார்க்கவில்லை. உம்மா ஒரு டப்பாவில் வட்டிலப்பம் வைத்துத் தந்தார்.

அறைக்குள் போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் சப்பாத்துக் கழற்றவும் விடவில்லை. இத்தனை நாள் மனதில் வைத்திருந்தது, முகம் கழுவும்வரை பொறுக்காது.

"இனிப் போகாதீங்கோ மச்சான். இஞ்ச ஏதும் செய்வம். நான் தைக்கிறன். போதும்."

கட்டிலில் இருந்துவிட்டார். குனிந்து, சப்பாத்து நூலைப் பிடித்தபடியே.

"சைன் வெச்சிட்டன், ஷிபா."

"எப்ப?"

"நோன்பு பிடிக்க முந்தியே. கொம்பனிக்கு இன்னும் ரெண்டு வருஷம். முந்தி வெக்கிற ஆக்களுக்கு ஒரு மாசச் சம்பளம் கூட எண்டவங்கள்."

மாபிளுக்குப் பொறு, ஃபிரிஜ்ஜுக்குப் பொறு, அறைக்குப் பொறு என்ற மனிதர். வாழ்நாளில் ஒன்றே ஒன்றை முந்திக்கொண்டு செய்திருக்கிறார்.

கத்தினேன். முதல் தடவையாகக் குரலை அடக்காமல் கத்தினேன். கேட்க ஒருவரும் இல்லை. அவரும் அழுதார். வீட்டில் எல்லோர் முன்னும் என் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது என்றுதானாம், கடைசியில் இந்த அறைக்குச் சம்மதித்தது. நான் ஒன்று கேட்க வந்தேன். அவர் ஒன்று சொல்ல வந்திருக்கிறார்.

மஃரிப் வரை பேசவில்லை. பிறகு கோபத்துக்கு நேரம் போதவில்லை. ஒரே ஒரு இரவு. நித்திரையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடியும்வரை கையை இழுக்கவில்லை, மரத்துப் போனது, இப்போதும் எழுத்துக் கோணலாக வருகிறது.

பகல் அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கப் போனோம். கவுண்டரில் ஜெ. என் வீங்கிய கண்ணைப் பார்த்தாள், உடனே குனிந்து பற்றுச்சீட்டைத் தேடினாள். நல்ல பிள்ளை.

"ஜெசி, இதே அறையைத் திரும்பப் போடவேணும். இப்பவே."

"எப்பத்தைக்கு அக்கா?"

அவரைப் பார்த்தேன். "எப்ப வருவீங்கள்? சொல்லுங்கோ. இந்த முறை நம்மட பிறையைப் பாத்துச் சொல்லுங்கோ."

"அதுக்கு இப்பவே ஏன் புள்ள?" என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாதத்தையும் வருஷத்தையும் சொன்னார்.

ஜெ. தட்டினாள். அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினாள். பிறகு கொம்பியூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, அந்த வருஷத்துக் கலண்டர் இதில இன்னும் திறக்கல்ல."