செல்லின் மேல் தவறில்லை

அல்மாட்டி,
ஏப்ரல்.

அன்புள்ள மாதியாருக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஆப்பிள் மரங்கள் பூத்த மறுநாளே பனி கொட்டிவிட்டது. ஃப்ரைபுர்கில் வெறும் ரொட்டியைத் தின்று நீ இளைத்திருப்பாய் என்று உன் அம்மாவுக்குக் கவலை.

இனி வேலை விஷயம். மூளைச் செல் தாறுமாறான இடைவெளிகளில் துடிப்பதற்கு அதன் உள்ளேயே எழும் ஒழுங்கற்ற மின் சலனமான இரைச்சல்தான் காரணம் என்று கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பியிருக்கிறாய். அதை மெய்ப்பிக்கத்தான் நான் சோதனையைத் தொடங்கினேன். எலி மூளைத் துண்டில் ஒரு செல்லுக்கு மாறாத மின்னோட்டம் கொடுத்தேன். கடிகாரம் போலச் சீராகத் துடித்தது. பிறகு, உயிருள்ள மூளையில் அக்கம்பக்கத்துச் செல்கள் செய்வதுபோல, தூண்டும் ஓட்டத்தையும் அடக்கும் ஓட்டத்தையும் ஏறக்குறையச் சம பலத்தில் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டும் கழிந்து மிஞ்சிய சிறு ஏற்ற இறக்கம் துடிப்புக்கான வரம்பைத் தாண்டியபோது மட்டும் செல் துடித்தது. நீ சொன்ன அதே தாறுமாறு! ஆனால் அதே ஓட்டத்தைத் திரும்பக் கொடுத்தால், அதே இடங்களில் துடிக்கிறது. உள்ளே அவ்வளவு இரைச்சல் இருந்தால் இப்படி நடக்குமா? தாறுமாறு வெளியிலிருந்து வரும் ஓட்டத்தில்தான் இருக்கிறது, செல்லில் இல்லை. அடக்கும் பங்கை நன்றாகக் குறைத்தால் மறுபடி சீராகிவிடுகிறது.

கருவியைச் சந்தேகித்தேன். செல்லில் பதிக்கும் ஊசியை மாற்றினேன், செல்லை மாற்றினேன். என் மாணவி தில்னாஸ், "இனி மாத்த ஒண்ணுமில்லக்கா, உங்க வீட்டுக்காரரைத்தான் மாத்தணும்" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தேநீர் போடப் போய்விட்டாள்.

பேராசிரியர் தோலெகெனிடம் காட்டி, மாநாட்டில் இதைப் பேசப்போவதைச் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி சண்டையை மாநாட்டு மேடைக்குக் கொண்டு போகணுமாம்மா? அவன் வேலை நிரந்தரமாகறதே அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கு. அடுத்த வருஷம் சொல்லிக்கலாமே" என்றார். "அடுத்த வருஷமும் செல் இதையேதான் சொல்லும், ஐயா" என்றேன்.

அஸ்தானா மாநாட்டில் பேசப் போகிறேன். அதற்குள் கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொள். பிறர் சொல்லி நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன். பதிவுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். உன் சமன்பாட்டில் இரைச்சலுக்குப் பதிலாக அடக்கும் ஓட்டத்தைப் போட்டுப் பார்த்தேன், அழகாகப் பொருந்துகிறது. சம்மதமென்றால் இருவர் பெயரிலும் எழுதலாம்.

ஒரு மனைவி செய்யக்கூடிய காரியமா என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால் அப்படியே எழுது. திட்டி எழுது, தப்பென்று நிரூபித்து எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ரௌஷான்