நிலைக்குப் பின்னால் நாலு பென்சில் குறி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் மருமகளும் நலம். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை. நாங்கள் நலமாக இருக்கிறோம் என்பதை என்னாலேயே இன்னும் நம்ப முடியவில்லை.

உன் ரூம்காரர் லீவு முடிந்து இன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று எனக்கு மாட்டிக்கொடுத்த பின்கதவு பற்றித்தான். இந்த மழையில், வெளிப்பக்கம் நிலைக்கும் செங்கல்லுக்கும் நடுவே நீ இழுத்திருந்த சீலன்ட் பசை வெடித்து, சமையலறை வரை தண்ணீர். இதற்குப் போய் ஆள் எதற்கு என்று இன்று காலை நானே இறங்கினேன். பழையதை முழுக்கச் சுரண்டி, காயவிட்டு, புதிதாக வைத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் இழுத்துவிட வேண்டும் என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். "உங்க தம்பி வேலை மாதிரியே வரும் பாருங்க" என்று வேறு சொன்னார். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

நான் வெளியே நின்று சுரண்டினேன். உன் மருமகள் உள்ளே கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குக் காவல். கத்தி பிடி வரைக்கும் உள்ளே போனது. இடைவெளியை அடைத்த வெறும் ஃபோம் நுரை, அதுவும் ஊறிப்போய்ப் பிய்ந்து வந்தது. இடுக்கில் ஒரு மர ஆப்பு தெரிந்தது. ஆப்பசைத்த குரங்கு என்பார்களே, அது நான்தான். தண்ணீர் அழுக்காகிவிட்டது, மாற்றிக் கொண்டு வாடி என்று அவளை அனுப்பிவிட்டு ஆப்பைப் பிடித்து இழுத்தேன்.

நிலையோடு கதவு மொத்தமும் உள்பக்கம் சாய்ந்தது. அவள் அதுவரை உட்கார்ந்திருந்த முக்காலி நொறுங்கிப்போனது. அவள் கிண்ணத்தோடு சமையலறையில் நின்று என்னையே பார்த்தாள். ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

பிறகுதான் சுவரைப் பார்த்தேன். செங்கல்லில் பக்கத்துக்கு இரண்டாக உன் பென்சில் குறி நாலு. ஒன்றில்கூடத் துளை இல்லை. நிலையைச் சுவரோடு பிடிக்கும் ஸ்குரு ஒன்றுகூட இல்லை.

நீ கிளம்பிய அன்றைக்கு, துளை போடும் ட்ரில் பிட் உடைந்தது. "இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குக்கா" என்றாய். பூசின சீலன்டின் அழகைப் பார்த்துவிட்டு, "பாக்க நல்லாத்தானே இருக்கு, பஸ் போயிடும், கிளம்புடா" என்று துரத்தியவள் நான். பாக்கி இருந்தது எது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே உன் போன மாதக் கடிதம் நினைவுக்கு வர, தூக்கிவாரிப் போட்டது. எடுத்துப் பார்த்தேன். இப்போது நீ மேஸ்திரி, உன் கீழே எட்டுப் பேர். "நம்ம வீட்டு முறைதான்கா. முதல்ல எல்லா மாடிக்கும் ஃபோம், சீலன்ட். ஸ்குரு எல்லாம் கடைசியில ஒரே மூச்சா" என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் கட்டும் அடுக்குமாடியில் பதினோராவது மாடி பால்கனிக் கதவு வரை முடிந்ததாம், இந்த மாதக் கடைசியில் ஆட்கள் குடிவருகிறார்களாம். இந்தக் கடிதத்தைத்தான் தெருவெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். ஸ்குரு போட்டாயிற்று என்று அதில் ஒரு வரி இல்லையடா.

போட்டிருப்பாய். நீ போட்டிருப்பாய் என்றுதான் நானும் இரண்டு வருஷம் அந்தக் கதவில் சாய்ந்து நின்று உன்னோடு போன் பேசினேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாலு நாள்தான். கடிதம் கிடைத்தவுடன் போ. மேலே வழவழப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதே, கீறிப் பார். மேலதிகாரி திட்டினால் திட்டட்டும். வேலை போனாலும் போகட்டும். இங்கே தார்ப்பாய் கட்டிய வாசல் உனக்காகத் திறந்துதான் கிடக்கிறது.

இதோடு அனுப்பும் பொட்டலத்தில் அந்த ஆப்பு இருக்கிறது, சட்டைப் பையில் வைத்துக்கொள். பதிலில் நலம் விசாரிக்க வேண்டாம். எல்லாக் கதவும் பார்த்தேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நீ மாட்டிய கதவில் சாய்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். அவசரப்படாமல் பார் தம்பி. பஸ் போயிடும் என்று துரத்த இந்த முறை நான் பக்கத்தில் இல்லை.

உன் அக்கா