முன்னே 22, பின்னே 24

7 மே 1984, திங்கள்

கத்திரி வெயில். பத்து மணிக்கே ஷெட்டுத் தகரம் படபடவென்கிறது.

வேலை: ஜாக்கெட் இரண்டு (தபால்காரர் வீட்டம்மாவுக்கு). பாவாடை ஓரம் ஒன்று. அப்புறம் வண்டி நோட்டு.

சேலம் டாக்டரம்மாவின் சிவப்பு வண்டி. இங்கிலீஷ் கார், இரண்டே பேர் உட்காரலாம், கூரை துணி. அவர் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி ஓட்டியது. அவர் இறந்த பிறகு ஐந்து வருஷம் சும்மா நின்றதை என் வீட்டுக்காரர் கொண்டுவந்து பிரித்துப் பூட்டி ஓட வைத்துவிட்டார். இன்ஜின் ஆச்சு. பிரேக் ஆச்சு. டயர் காற்று மட்டும் பாக்கி. பத்து நாளாக அது மட்டும் பாக்கி.

அந்த அளவு டயர் கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட அளவில் உள்ளூர் டயர். காற்று எவ்வளவு? ஆளுக்கொரு கணக்கு. ஹைவேயில் பங்க்சர் கடை வைத்திருக்கும் முனுசாமி அண்ணன், லாரிக்கே தொண்ணூறு பவுண்டு வைக்கிறேன், இதுக்கு முப்பத்தாறு வை என்றார். வைத்தார்கள். என்னை உட்காரவைத்துத் தெருமுனை வரை ஒரு ரவுண்டு. பல்லெல்லாம் ஆட்டம் கண்டது. கடைசியில் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதே சரி என்று முடிவு. முன்னே 22, பின்னே 24.

இவர் கையில் எப்போதும் கிரீஸ். அதனால் இவர் டயரில் கேஜ் வைத்துக் காற்றளவைச் சொல்ல, நான் எழுதுகிறேன். இன்றைய கணக்கு:
காலை: மு. 18, பி. 20.
முனுசாமி அண்ணன் கடை வரை நாலு மைல் ஓட்டிப்போய்: மு. 22, பி. 24 வைத்தது.
சாயங்காலம் ஓட்டிவிட்டு வந்ததும்: மு. 27, பி. 29. உஸ்ஸென்று இறக்கி 22, 24.

நேற்றும் இதே. முந்தாநாளும் இதே. ராத்திரி நிற்கிற வண்டியில் நாலு பவுண்டு எங்கே போகிறது? வால்வு லீக் என்கிறார். நாலு வால்வும் மாற்றியாச்சு. எச்சில் தொட்டு வைத்தும் பார்த்தார், ஒரு குமிழி இல்லை.

8, செவ்வாய்

வெயில் அப்படியே. காற்றே இல்லை.

இன்று சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாய் இறங்கிப் பார்க்கிறேன் என்று போனார். மேலே டீக்கடையில் நிறுத்திக் காற்று சரிபார்த்துவிட்டு இறங்குவாராம்.

பதினொரு மணிக்கே திரும்பி வந்துவிட்டார். மூன்று டம்ளர் தண்ணீர். முகத்தில் ரத்தமில்லை. வண்டியில் ரப்பர் கருகிய வாடை.

"என்னங்க ஆச்சு?"

"பிரேக்கு டெஸ்ட் பண்ணேன்."

சாப்பிடவில்லை. ஊசியில் நூல் கோர்க்கக் கொடுத்தேன், எப்போதும் இவர்தான் கோர்த்துத் தருவார். மூன்று தடவை தவறவிட்டு ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 

9, புதன்

மெடிக்கல் ஷாப் போனுக்கு டாக்டரம்மா பேசினாராம். ஞாயிறு காலை வருகிறார். தானே ஓட்டிக்கொண்டு சேலம் போவாராம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டுமாம். அதாவது தொப்பூர் இறக்கத்தில் அறுபது வயசு அம்மா ஓட்டப்போகிறார்.

மத்தியானம் முனுசாமி அண்ணன் வால்வு பின் கொடுக்க வந்தார். இவர் இல்லை. அவருக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருத்தர் கடையில் சொன்னாராம்.

"ரெண்டாவது வளைவுல நம்ம செவப்பு வண்டி பின்னாடி இழுத்து, ஒரு சுத்து சுத்தி, மேல பாத்து நின்னுடுச்சாம்மா. லாரிக்காரன் ஒரு மொழம் தள்ளி நிறுத்தியிருக்கான். கரீம் ஒன்னும் சொல்லலியா?"

சொன்னார் என்று பொய் சொன்னேன். அண்ணன் போனதும் மிஷினில் உட்கார்ந்தேன். தபால்காரர் வீட்டம்மா ஜாக்கெட்டின் கை இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

ஒரு முழம். என்னால் அந்த முழத்தைத் தாண்டி எதையும் நினைக்க முடியவில்லை.

10, வியாழன்

வண்டி இன்று நகரவேயில்லை. இவர் அரூருக்கு ஒரு ஜீப் பார்க்கப் போயிருக்கிறார். கேஜ் இங்கேதான்.

காலை ஆறு மணி, நானே பார்த்தேன். முன்னே இரண்டு பக்கமும் 18.
பதினொரு மணிக்கு மறுபடி. வலது பக்கம் ஷெட்டு நிழல்: 19. இடது பக்கம் வெயில்: 21.

மறுபடி வைத்துப் பார்த்தேன். 21தான். யாரும் காற்றடிக்கவில்லை. வண்டி ஒரு இஞ்ச் நகரவில்லை. வெயில் மட்டும்தான் பட்டது.

காற்று எங்கேயும் போகவில்லை. ஓடிச் சூடானதும் அளவு ஏறுகிறது. இவர் அதைப் பார்த்து இறக்குகிறார். ஆறினால் 18. காலையில் அண்ணன் கடைக்கு ஓட்டிப்போய்ச் சூட்டோடு நிரப்பினால் அதுவும் உண்மையான 22 இல்லை; புத்தகத்துக் கணக்கு ஆறின டயருக்காகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை டீக்கடையில் இருந்ததையும் இறக்கிவிட்டு, தொளதொளவென்ற டயரோடு வளைவில் இறங்கியிருக்கிறார்.

அக்கறையில்லாத ஆளாக இருந்திருந்தால் இறக்கியே இருக்க மாட்டார்.

11, வெள்ளி

ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் நோட்டைக் காட்டினேன். வெயில் பக்கம், நிழல் பக்கம், எல்லாம்.

பார்க்கக்கூட இல்லை. இருபது வருஷமா டயரோட கிடக்கிறேன், எனக்கு நீ பாடம் எடுக்கிறியா என்றார். வால்வுதான் என்றார். அப்புறம் நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"லாரிக்காரன் ஒரு மொழம் தள்ளி நிறுத்துனானாமே."

தட்டில் கை கழுவி எழுந்து போய்விட்டார். கோபம் எனக்கும்தான். செத்திருந்தால் யாரிடம் போய் வால்வு என்று சொல்வது.

சாயங்காலம் டீ கொடுத்தேன், குடித்தார்.

12, சனி

லேசாக மேகம். மழை இல்லை.

நாளைக்காக வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, அண்ணன் கடையில் காற்று வைத்து, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். வந்ததும் கேஜ். மு. 27. பி. 29. நான் நோட்டோடு நிற்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் இறக்கினார். நாலு சக்கரத்திலும் உஸ், உஸ். 22, 24. எழுதினேன்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் இவர் பிழைப்பு போச்சு. வண்டி ஒரு சுற்று சுற்றியது தெரிந்தால் இந்தப் பக்கம் எந்த வண்டி வரும்? சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த வளைவு.

13, ஞாயிறு

காலை ஐந்தே கால். இவர் பள்ளிவாசலுக்குப் போனதும் கேஜ் வைத்தேன். 18, 20. எனக்குத் தெரியும்.

வண்டி டிக்கியில் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று. தோல் வாஷர் காய்ந்து கிடந்தது, தேங்காயெண்ணெய் விட்டேன். சக்கரத்துக்கு அறுபது, எழுபது மிதி. முட்டி கழன்றுவிட்டது. 22, 24, ஓடாத வண்டியில். பம்பைத் துடைத்து வைத்தேன். கேஜை அரிசி டிரம்மில் புதைத்தேன். டீக்கடையில் நிறுத்தினாலும் இறக்குவதற்குக் கேஜ் வேண்டுமே.

எட்டு மணிக்கு டாக்டரம்மா. வெள்ளைப் புடவை, கறுப்புக் கண்ணாடி. ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். அவர் டீ குடிக்கும்போது, சொல்லிவிட எனக்கு வாய் வரை வந்தது. இவர் கருவிப்பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், வீட்டுக்குள் போனார், வெறுங்கையோடு வந்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

எட்டரைக்குக் கிளம்பினார்கள்.

பத்து. பதினொன்று. ஹைவே பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று, சேலம் பக்கமாகவா, இங்கிருந்தா, தெரியவில்லை. மிஷின் ஓடவில்லை. தபால்காரர் வீட்டம்மா வந்து கேட்டார், நாளைக்கு என்றேன். ஒரு மணி. இரண்டு.

மூன்றரைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். முழுசாக. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிட்டபடி சொன்னார். கணவாய்க்கு மேலே டாக்டரம்மாவே வண்டியை ஓரம் கட்டினாராம். கைப்பையிலிருந்து ஒரு கேஜ், பித்தளை, அவர் வீட்டுக்காரருடையது. வைத்துப் பார்த்தார். என்ன கரீம், இவ்வளவு ஏறியிருக்கு, இறக்கிடட்டுமா என்று வால்வில் விரல் வைத்துவிட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணாம்மா, சூட்டுல அப்படித்தான் காட்டும், எறக்கினா வளைவுல இழுக்கும்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொல்லிட்டேன். செவ்வாக்கெழம சுத்தினது, லாரி, எல்லாம்."

அந்த அம்மா கேஜைப் பைக்குள் போட்டு, வண்டியை எடுத்து, ஒரு வளைவு விடாமல் மெதுவாக இறக்கினாராம். வண்டி ரோட்டை ஒட்டிக்கொண்டு போனதாம். சேலத்தில் இறங்கும்போது, வரேன் கரீம் என்றதோடு சரி. இனி வண்டியை இங்கே அனுப்புவாரா, தெரியாது.

கை கழுவிவிட்டு வந்தார்.

"அரிசி டிரம்மு மூடி சரியா மூடல நீ. காலையிலயே பாத்தேன். அங்கயே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்."

போய் மூடியை அழுத்தி மூடினேன்.

"நோட்டை எடு நூரு. தொப்பூர் மேல, முன்னாடி இருபத்தேழு. பின்னாடி இருபத்தொம்பது."

எழுதினேன்.

"பக்கத்துல போடு. சூடுன்னு."