பெரிய வீட்டில் போட்ட சாம்பிராணி

அன்பு மகள் சிந்துவுக்கு, பெங்களூர் அடுகோடியிலிருந்து அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, முட்டி வலிகூட இந்த வாரம் பரவாயில்லை, நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும். நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் தைரியம் வராது. நான் அஞ்சாவது வரை படித்தவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உனக்கும் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் தமிழ் தடுமாறும், எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி.

வேலை போகவில்லை, இங்கேயேதான் இருக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளாக உள்ளே இறங்காத சோறு நேற்று ரெண்டு தட்டு இறங்கியது. பக்கத்து வீட்டு சரளா ஓடி வந்து, என்னக்கா அழறியா சிரிக்கிறியா ஒண்ணும் புரியலையே என்றாள். வீட்டு ஓனர் கிருஷ்ணப்பாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, ஏனம்மா வனஜா, உன் பொண்ணு வெள்ளைக்காரன் அரமனைக்கே பெங்கி வச்சிக் கொளுத்திட்டாளாமே, இனி நம்ம வீட்டுல ஊதுபத்தி கொளுத்தறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுக் கொளுத்து என்று மாடியிலிருந்தே கத்துகிறார். நேற்று அதற்கும் சிரிப்புதான் வந்தது. முந்தாநாள் கேட்டிருந்தால் செருப்பைத் தூக்கியிருப்பேன்.

அந்த நாலு நாளும் கண்ணை மூடினால் அதே காட்சிதான். அப்பா போய் அஞ்சாவது அமாவாசை, நீ வேலை செய்கிற அந்தப் பெரிய வீட்டில் உன் ரூமில் அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, நான் பார்சலில் அனுப்பின சாம்பிராணியைப் போட்டாய். டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தப் பழைய ஜமீன் பங்களாவைச் சுற்றிப் பார்க்க ஜனம் வருகிற சனிக்கிழமை அது. புகை பட்டதும் வீடு முழுக்க மணி அலறி, வந்தவர்களை எல்லாம் புல்தரையில் கொண்டுபோய் நிறுத்தி, நீ பார்த்துக்கொள்கிற பெரியவரையும் கம்பளியோடு சக்கர நாற்காலியில் வெளியே தள்ளி, தீயணைப்பு வண்டி வேறு வந்துவிட்டது. அவர் மருமகள் ஏஜென்சிக்கு எழுதி வேறு ஆளை வரவழைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வேலை போனால் அறுபது நாளில் விசாவும் போய்விடும் என்று நீ சொன்னபோது, புருஷனைத்தான் பறிகொடுத்தேன், பெண்ணின் பிழைப்பையும் நானே கெடுத்தேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

இதற்கு முன்னால் அந்த வீட்டுக் கதையை நீ சொன்னபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பெரியவர் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு மேல்மாடி, ஆயாவோடு சாப்பாடு, ஆயாவோடு தூக்கம். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தலைவாரி, சட்டை மாற்றிக் கீழே கூட்டி வந்தால் பெற்ற தாயை ஒரு மணி நேரம் பார்க்கலாமாம். நாய்க்குக் கணப்புப் பக்கத்தில் இடம், பிள்ளைக்கு இல்லை. எட்டு வயசில் ஹாஸ்டல். நாற்பது ரூம் இருந்து என்ன, நம் ஒற்றை ரூமில் நீ அப்பா வயிற்றின்மேல் படுத்துத் தூங்கினாய்.

ஆனால் நேற்று நீ சொன்னது வேறு. அவருக்கு ஒன்பது வயசில் அப்பா செத்துப்போனாராம். ஹாஸ்டலில் வாத்தியார் வராந்தாவில் நிறுத்திச் சேதியைச் சொல்லிவிட்டு, போய் விளையாடு என்று அனுப்பிவிட்டாராம். அடக்கத்துக்கும் கூப்பிடவில்லை. லீவுக்கு வந்தபோது, வேலைக்காரர்கள் எதிரில் அழக்கூடாது என்று அம்மாக்காரி சொல்லிவிட்டாளாம். நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டு, யாருக்காக அந்தப் புகை என்று கேட்டு, அப்பாவுக்கு என்றதும், பாதியில விட்டதை முடி, நானும் கூட உட்காருகிறேன் என்றாராம். தோட்டத்தில் கல் பெஞ்சியில் நீ மறுபடி சாம்பிராணி போட்டுப் படையல் வைக்க, எங்க அப்பாவுக்கும் வைக்கலாமா, அவருக்கு ரொட்டியும் ஆரஞ்சு ஜாமும்தான் பிடிக்கும் என்று கேட்டாராமே. எண்பது தாண்டின மனுஷன். நீயும் அவரும் சத்தம் போட்டு அழுததை ஜன்னலில் பார்த்த மருமகள், தானே ரெண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்து, வேறு ஆள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள் என்றாயே, அவள் நன்றாக இருக்கட்டும்.

இப்போது நான் சொல்ல வந்தது. பெண்ணும் படையல் போடாவிட்டால் அப்பா ஆத்மா அலையும் என்று கோயில் ஐயர் சொன்னதாக உனக்குச் சொன்னேன் இல்லையா, அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நீங்க இங்க வச்சாலே போதும்மா, அந்தப் பொண்ணை ஏன் சிரமப்படுத்தறீங்க என்றுதான் சொன்னார். பொய் சொன்னது நான். அப்பாவைத் தூக்கின அன்று நீ வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பாதியில் கட் பண்ணினாய். அதற்குப் பிறகு கரண்ட் பில் கட்டினியா, மாத்திரை போட்டியா, இதையே கேட்டாய். அஞ்சு மாசம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என் பெண் கல்லாகிவிட்டாளோ என்று பயந்தேன். விளக்கு முன்னால் உட்கார வைத்தாலாவது அழுவாய் என்று நினைத்தேன். அது உன் வேலைக்கே வினையாகும் என்று இந்த மக்குக்குத் தெரியவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிவிடு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீ அழுதாய் என்று கேட்டதில் எனக்கு மூச்சு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அமாவாசைக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். அழுகை வந்தால் மட்டும் அடக்காதே, வேலை நேரமாக இருந்தாலும் எனக்குப் போன் போடு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. மருமகளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு, அப்பா ஆசீர்வாதம் உன்னை விட்டு எங்கே போகும்.

மறக்காமல் ஒன்று செய். வருகிற அமாவாசைக்கு அப்பா இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போடப் போகிறேன். ரொட்டி பேக்கரியில் வாங்கிவிடுவேன், ஆரஞ்சு ஜாம் சரளா தேடித் தருகிறேன் என்றிருக்கிறாள். பெரியவருடைய அப்பா பேர் என்ன என்று கேட்டுத் தமிழிலேயே எழுதி அனுப்பு. பேர் சொல்லாமல் சாப்பிடக் கூப்பிட முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா
வனஜா