பாதி ஓஹோ, பாதி ஐயோ

8 ஆகஸ்ட் 1942, சனி. வலெட்டா

இதனால் மால்டா தீவின் சகல குடிமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை, தண்ணீர் வரிசையில், பெருந்திரளான பெண்கள் முன்னிலையில், விஸ்டின் என்னும் பதினைந்து வயதுப் பெருமகனின் கால்சட்டை அவனது இடுப்பிலிருந்து ராஜினாமா செய்தது. கால்சட்டை மேல் குற்றமில்லை. இடுப்புதான் இளைத்துவிட்டது. இப்போது கயிறு கட்டியிருக்கிறேன்.

எதிரி தீவைச் சுற்றி வளைத்ததிலிருந்து, ஊரில் குண்டாக இருந்தவர்கள் எல்லோரும் ஒல்லியாகிவிட்டார்கள். குண்டு என்று மிச்சமிருப்பது வானத்திலிருந்து விழுவது மட்டும்தான். இதை ஃபொன்ஸுவிடம் சொன்னேன். சிரித்தால் பசிக்கும், சும்மா இரு என்றான். நண்பனாம்.

10 ஆகஸ்ட்

பொதுச் சமையல்கூடத்தில் நீண்ட வரிசை. மூலையில் ஒளிந்துகொண்டு அபாயச் சங்கு மாதிரி வாயாலேயே ஊதினேன். பாதி வரிசை பதுங்குகுழிக்குள் ஓடியது. நான் நிதானமாக முன்னால் போய்ச் சூப்பு வாங்கினேன். அதில் ஆடு போட்டிருக்கிறார்களாம். போட்டிருக்க மாட்டார்கள். ஆடு குளித்துவிட்டு எழுந்து போயிருக்கும்.

அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. அகப்பையால் ஓர் அடி. "நிஜமா ஊதும்போது உன்னை நினைச்சு ஒருத்தன் ஓடாம நின்னுட்டா? அப்ப என்னடா பண்ணுவ?" சூப்பைப் பின்னால் மறைத்தேன். அம்மா அதைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்பா துறைமுக இழுவைப் படகில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். இன்று பேசினார். மாவு தீரப்போகிறது, விமானங்களுக்கு எண்ணெயும் தீரப்போகிறது, கப்பல் வராவிட்டால் தீவே கையைத் தூக்க வேண்டியதுதான் என்று. மேப்பில் ஒரு ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற தீவு, இது போனால் உலகத்துக்கு என்னப்பா என்று கேட்டேன்.

"இங்கேருந்து போற விமானம்தான்டா எதிரியோட சரக்குக் கப்பலை முழுகடிக்குது. நாம விழுந்தா, பாலைவனத்துல இருக்கிற அவன் பட்டாளத்துக்கு எல்லாம் தடையில்லாம போகும். அப்புறம் எகிப்து. அதுக்கப்புறம் எங்கேன்னு மேப்பை நீயே பாரு."

பார்த்தேன். அதற்கப்புறம் நிறைய இருந்தது.

12 ஆகஸ்ட்

மேற்கே கடலில் இடி. ஆகஸ்டில் ஏது இடி?

13 ஆகஸ்ட், வியாழன்

மூன்று கப்பல்கள் வந்துவிட்டன! துறைமுக மதில் முழுக்கத் தலைகள். எனக்கு அப்போதே தெரியும் என்று எல்லோரிடமும் சொன்னேன். (தெரியாது.) கிளம்பியவை பதினான்காம். மற்றவை எங்கே என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எண்ணெய்க் கப்பல் வரவில்லை.

இதற்கிடையே என் வாழ்நாள் சாதனை. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லும் ரேஷன் ரொட்டியும் எடையிலும் சுவையிலும் அண்ணன் தம்பி. அப்பாவின் சாப்பாட்டுத் துணியிலிருந்து ரொட்டியை எடுத்துவிட்டு, அதே அளவு கல்லைச் சுற்றி வைத்தேன். அவர் வாசலைத் தாண்டும்போது ரொட்டியை நீட்டி வணக்கம் வைப்பதாகத் திட்டம். அதற்குள் யாரோ ஓடி வந்து, எண்ணெய்க் கப்பல் அடிபட்டு நடுக்கடலில் நிற்கிறது, இழுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா மூட்டையை அள்ளிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். படகு கிளம்பிவிட்டது.

அப்பா குண்டு மழைக்குள் கல்லோடு போகிறார். ரொட்டி என் கையில்.

என்னடா பண்ணிவெச்சிருக்க விஸ்டின்?

14 ஆகஸ்ட்

ரொட்டி முழுசாக இருக்கிறது. இதைப் பதிவு செய்கிறேன். பசி முற்றுகை போட்டும் நான் சரணடையவில்லை. தளபதிகள் என்னிடம் பாடம் கேட்கலாம்.

இன்னொரு கப்பல் வந்தது. அதுவும் எண்ணெய் இல்லை. எண்ணெய்க் கப்பலின் பெயர் ஓஹையோ என்று ஃபொன்ஸு கேட்டு வந்தான். பாதி ஓஹோ, பாதி ஐயோ என்றேன். இந்தமுறை சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் துணியைத் துவைத்தாள். துவைத்ததையே மறுபடி துவைத்தாள்.

அப்பா வரவில்லை.

15 ஆகஸ்ட், சனி. சாந்தா மரியா மாதா திருநாள்

இன்று விளையாட்டாக எழுத வரவில்லை.

காலையில் ஓஹையோ வந்தது. வந்தது என்றா சொல்வது? அதற்கு ஓடவும் தெம்பில்லை, மிதக்கவும் தெம்பில்லை. காயம்பட்டவனை இரண்டு நண்பர்கள் தோள்கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவருகிற மாதிரி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போர்க்கப்பல்கள் அதை அணைத்துப் பிடித்திருந்தன. தளம் தண்ணீரைத் தொடுகிறது. தளத்தின் மேலேயே ஒரு விமானம் நொறுங்கிக் கிடக்கிறது. அத்தனை அடி வாங்கியும் வயிற்றுக்குள் எண்ணெயை விடாமல் சுமந்து வந்திருக்கிறது. தளத்தில் நின்ற மாலுமிகள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு தூக்கம். ஒரு தடவை கத்தினோம். பிறகு ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. நான் இழுவைப் படகைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா கரைக்கு வந்தபோது கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கரி. மூட்டையை என்னிடம் நீட்டினார். கல் இருந்தது.

"கல்லு நல்லா வெந்திருந்துச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்தபோது உலையடியில் ஒருத்தனும் வாய் திறக்கவில்லையாம். பசிக்கிறதே என்று இவர் மூட்டையைப் பிரித்தாராம். அதற்கப்புறம் அவ்வளவு பேரும் சிரித்துச் சிரித்தே கரி அள்ளினார்களாம். "உன் மகனைத் தூக்குல போடணும்"னு படகுத் தலைவர் சொன்னாராம், தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்துக்கொண்டே.

பிறகு அப்பா கேட்டார். "சரி, என் ரொட்டி எங்கடா?"

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், எலி தின்றுவிட்டது என்றேன்.

அப்பா என் இடுப்புக் கயிற்றைப் பார்த்தார்.

"எலிக்காவது வயிறு நிறைஞ்சுதாடா?"

"இல்லப்பா."

பதினான்காம் தேதி எழுதியதை அடித்துவிடலாம் என்றுதான் பென்சிலை எடுத்தேன். இருக்கட்டும். ரொட்டி பதிமூன்றாம் தேதி இரவைத் தாண்டவில்லை. ஒரு துளி போதும் என்று தொடங்கினேன். துணியை உதறிக்கூடத் தின்றேன். தீவுக்குக் கப்பல் வந்த நாளில், தளபதி விஸ்டினின் மானம் கப்பலேறியது.