சிவப்புப் பொட்டு வைத்த துப்பாக்கி

மார்ச் 6, 2010, சனி

துப்பாக்கிச் சந்தைக்குக் கிளம்பும்போதே மழை. கூடத்துக்குள் ஈர நாய் நாற்றமும் எண்ணெய் நாற்றமும். நூறு மேசை போட்டிருப்பார்கள். ஒழுங்காகச் செய்த துப்பாக்கி பத்து தேறுமா? தேறாது.

தம்பி டாயிலுக்கு ருமேனியப் பட்டாளத் துப்பாக்கி ஒன்று வேண்டுமாம். கன்றுகளைக் காட்டு நாய்கள் இழுத்துப் போகின்றன என்பது சாக்கு. ஆசை, அவ்வளவுதான். அந்த நாட்டுப் பட்டாளம் கழித்துக் கட்டியதை அறுத்து உதிரியாக இங்கே அனுப்புகிறார்கள். இங்கே கொட்டகையும் சுத்தியலும் வைத்திருக்கிறவன் எல்லாம் புது உடல் தகடு போட்டு, ரிவெட் அடித்து, விற்க உட்கார்ந்துவிடுகிறான்.

முதல் மேசையிலேயே தகராறு. குறிமுள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ரிவெட் தலைகள் நசுக்கிய மூட்டைப்பூச்சி மாதிரி. தோட்டா அடைக்கிற மேகசினை மாட்டி ஆட்டினேன், விழப்போகிற பல்லாக ஆடியது. டாயிலிடம் "வேண்டாம்" என்றேன்.

மேசைக்காரன் சிரித்தான். "ஏம்மா, அடுத்த மேசையில ஊறுகா விக்கிறாங்க, அங்க போய்ப் பாரேன்."

"ஊறுகா பாட்டில் மூடியாவது நேரா இருக்கும்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வெடுக்கென்று துப்பாக்கியைப் பிடுங்கினான். குழல் என் மணிக்கட்டில் அடித்தது. நான் மேசையைக் கவிழ்த்தேன். டாயில் அவன் வாயில் ஒன்று விட்டான். காவலுக்கு நின்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் மழையில் தள்ளினார்கள்.

வண்டியில் விரல் முட்டியை ஊதிக்கொண்டே டாயில் சொன்னான்: "உன்கூட கடைக்கு வந்தா ஒண்ணு துப்பாக்கி கிடைக்கும், இல்லாட்டி சண்ட கிடைக்கும்க்கா."

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஆனாலும் நல்ல நாள்தான்.

மார்ச் 13, சனி

கார்லிஸ் கடையில் இரண்டு வாங்கினோம். டாயிலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஊருக்குள் ஒழுங்காக வேலை தெரிந்தவன் கார்லிஸ் ஒருவன்தான். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன். கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற ஆள். ரிவெட் அடிக்கும்போதும் வாய்க்குள் பாட்டு ஓடும்.

குறி நேர். ரிவெட் வட்டம் வட்டமாக, தகட்டோடு ஒட்டி. கடைசியாக என் அளவுக் கேஜ்களை எடுத்தேன். தோட்டா வடிவத்தில் இரண்டு எஃகுத் துண்டுகள். ஒன்றின் பெயர் 'போ', இன்னொன்று 'போகாதே'. 'போ'வைக் குழலுக்குள் வைத்தால் பின்னால் இருந்து அதை மூடுகிற போல்ட் முழுசாக அடைய வேண்டும். 'போகாதே'வை வைத்தால் அடையக் கூடாது. அடைந்தால் இடைவெளி அதிகம். என்றைக்காவது தோட்டா பின்பக்கமாக வெடித்து முகத்துக்கு வரும். இரண்டு துப்பாக்கியும் தேறின. வழக்கம்போல உடலின் பின்பக்கத்தில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தேன். 'வெர்னா பொட்டு வைத்ததா?' என்று கேட்காமல் இந்தப் பக்கம் யாரும் பழைய துப்பாக்கி வாங்குவதில்லை. சுரங்க இயந்திரப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் கடைசல் பிடித்தவள் நான். பெருமை இருக்கக் கூடாதா?

ஒன்றுதான் பிடிக்கவில்லை. உடலில் இருக்கிற வரிசை எண்ணையே போல்ட்டின் மேலும், இரும்பில் எழுதுகிற மின்பேனாவால் கிறுக்கி வைத்திருக்கிறான் கார்லிஸ். உடலும் போல்ட்டும் ஒரே துப்பாக்கியில் பிறந்தவை என்று ஏமாற்றுகிற வேலை.

"பொய் நம்பர் எதுக்குய்யா?"

"பொய் இல்ல வெர்னா, அடையாளம். எந்தப் போல்ட்ட எதுல வச்சு அளந்தேன்னு எனக்கு வேணும்."

"வெலய ஏத்தறதுக்குன்னு சொல்லேன்."

பாட்டைத் தொடர்ந்தான்.

மார்ச் 14, ஞாயிறு

சமையலறையில் இரண்டையும் கழற்றிப் போட்டேன். பட்டாளத்துக் கிரீஸ் இன்னும் மூலை முடுக்கில் இருக்கிறது. போல்ட், பிஸ்டன் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொதிக்கவிட்டேன். கார்லிஸின் கிறுக்கல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். (உடல் எண்ணைத் தொட்டால் ஜெயில். போல்ட் எண்ணுக்குச் சட்டம் ஒன்றும் இல்லை.) இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

டாயில் வந்து பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தன்னுடையதைத் தூக்கிப் போனான்.

மார்ச் 27, சனி

டாயில்.

மார்ச் 29, திங்கள்

சனிக்கிழமை நடந்தது.

பழைய சுரங்க வெட்டில் சுடப் போனோம். எனக்குத் தோள் வலி, என்னுடையதை எடுத்துப் போகவில்லை. பத்துத் தோட்டா ஒழுங்காகப் போனது. டாயில் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினான். பதினொன்றாவது — சத்தமே வேறு. மேல்மூடி பறந்தது, மேகசின் வெடித்துக் காலடியில் விழுந்தது. அவன் நின்றுகொண்டேதான் இருந்தான். முகத்தை மூடிய விரல்களுக்கு இடையில் ரத்தமும் வேறு ஏதோவும் வழிந்தது. "அக்கா, லைட்டப் போடு" என்றான். பட்டப்பகல்.

என் சட்டையைக் கிழித்துக் கட்டினேன். லெக்சிங்டன் ஆஸ்பத்திரி வரைக்கும் கத்திக்கொண்டே வந்தான். பாதி வழியில் கத்துவதை நிறுத்தினான். அது அதைவிடப் பயமாக இருந்தது.

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அவன் பெண்டாட்டி ட்ரெசா என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: "நீங்க பொட்டு வச்சதுதான, அண்ணி?"

ஏப்ரல் 2, வெள்ளி

நான் அளந்தேன். என் கையால் அளந்தேன். இரண்டும் தேறின. அப்படியானால் என்ன? கார்லிஸ் நான் பார்க்காத இடத்தில் ஏமாற்றியிருக்கிறான். குழலைச் செருகிய ஆணி நழுவியிருக்கும். தகட்டைச் சரியாகப் பழுக்கக் காய்ச்சியிருக்க மாட்டான். பாட்டுப் பாடிக்கொண்டு... படுபாவி.

உடைந்த துப்பாக்கியைச் சாக்கில் கட்டிப் பாத்திரத் தொட்டிக்கடியில் வைத்திருக்கிறேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6, செவ்வாய்

போனேன். நேற்று, கார்லிஸ் கடைக்கு. ரிவெட் அடித்துக்கொண்டிருந்தான்.  என்னைப் பார்த்ததும் அவன் மேசையில் வைத்த சுத்தியலையே எடுத்தேன். வலது கை பட்டடையின் மேல் இருந்தது. இரண்டு அடி. இரண்டாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

கார்லிஸ் கத்தவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். "சரியாத்தான அளந்தேன்" என்றான். "அளந்தேனே வெர்னா. இல்ல, அளக்காம விட்டுட்டேனா?"

"டாயில் கண்ணக் கேளு, சொல்லும்" என்று சுத்தியலை அவன் ஜன்னலில் வீசிவிட்டு வந்தேன்.

நன்றாகத் தூங்கினேன். எழுதி வைக்கிறேன், நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 9, வெள்ளி

ஷெரீஃப் வரவில்லை. கதவில் கை மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறான் கார்லிஸ். விரல் இரண்டு இனி மடங்காதாம். கடையைச் சாத்திவிட்டான். மடியில் கனம் இருக்கிறவன்தானே வாயை மூடுவான்!

மே 16, ஞாயிறு

டாயில் குடித்துவிட்டுப் போய்க் கார்லிஸ் வீட்டைச் சுட்டிருக்கிறான். ஜன்னல்கள் போயின. வாசலில் படுத்திருந்த கிழட்டு வேட்டை நாய் செத்தது. ஒற்றைக் கண்ணால் சுட்டவனுக்கு எது தெரியும்? கார்லிஸ் ஒற்றைக் கையால் நாய்க்குக் குழி தோண்டினான் என்று ட்ரெசா சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாய் என்ன செய்தது?

ஜூன் 9, புதன்

கார்லிஸின் மச்சான்மார் சாராயக் கடையில் என் பெயரைச் சொல்லிக் கறுவினார்களாம். அவன் சும்மா இருந்தாலும் அவர்கள் சும்மா இருப்பார்களா? அலமாரியிலிருந்து என் துப்பாக்கியை எடுத்தேன். மார்ச்சில் பூட்டி வைத்த பிறகு இன்றுதான் தொடுகிறேன். தோட்டா போட்டால் போல்ட் முழுசாக அடையவில்லை. உள்ளங்கையால் குத்தினேன். மயிரிழை இடைவெளி நின்றுகொண்டே இருக்கிறது.

அன்றைக்கு வெண்ணெய் மாதிரி அடைந்ததே?

கேஜை எடுத்தேன். 'போ' — போகவில்லை.

 பிறகு தொட்டிக்கடியில் இருந்து சாக்கை இழுத்தேன். டாயிலின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்தேன். என் துப்பாக்கியில் போட்டேன். 'போ' போனது. 'போகாதே' நின்றது. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மறுபடி செய்தேன். ஐந்து தடவை செய்தேன்.

ஒரே சட்டி. உப்புத்தாள். ரெண்டு போல்ட்டும் மழமழன்னு, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியாம. மாத்தி மாட்டிட்டடீ வெர்னா. மாட்டுனதுக்கு அப்புறம் ஒரு தடவ அளக்க உனக்கு எத்தன நிமிஷம்? ரெண்டு. பொட்டு இருக்கேன்னு விட்டுட்ட. உன் பொட்ட நீயே நம்பிட்ட.

ஜூன் 10, வியாழன்

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என்னைச் சுடவில்லை. டாயிலைச் சுட்டது.

ஜூன் 13, ஞாயிறு

யாருக்கும் தெரியாது. கார்லிஸுக்கே தெரியாது. தான்தான் கெடுத்தோம் என்று நம்புகிறான். இரண்டு போல்ட்டையும் ஆற்றில் போட்டால் முடிந்தது.

போடவில்லை. பாலம் வரைக்கும் போனேன்.

ஜூன் 18, வெள்ளி

சாயங்காலம் டாயில் வந்தான். குடிக்கவில்லை.  முகச் சவரம் செய்து, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தான்.

"உன் துப்பாக்கியக் குடுக்கா. ஞாயித்துக்கெழம கோயில் விட்டு வரும்போது முடிச்சிடறேன்."

"யார?"

"கண்ணப் பறிச்சவன."

"உன்கிட்டதான் மான் சுடற துப்பாக்கி இருக்குல்ல."

"அதுல எனக்கு நம்பிக்க இல்ல. எதுலயும் நம்பிக்க வரல. உன்னுது உன் வீட்டுல, உன் கையிலயே இருக்கு. பொட்டு வச்சது." சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து அவனே எடுத்தான். பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினான்.

 பேசாமல் இருந்தால் ஒரு சாவு. பேசினால்?

"டாயில், கண்ணப் பறிச்சவன் கோயில்ல இல்ல. உன் முன்னாடி நிக்கிறா."

சொன்னேன். சட்டி, உப்புத்தாள், போல்ட், எல்லாம். அவன் புரியாமல் நின்றான். துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி மாட்டி, கேஜைப் போட்டுக் காட்டினேன். கடையில் வாங்க வந்தவனுக்குக் காட்டுகிற மாதிரி, படிப்படியாக. 

துப்பாக்கியைப் பிடுங்கித் திருப்பிப் பின்கட்டையால் அடித்தான். தாடையில் பட்டது. கீழே விழுந்த பிறகு விலாவில் இரண்டு உதை. பற்கள் நாக்கின் மேல் கிடந்தன. இன்னொரு தடவை ஓங்கினான். நான் கையைத் தூக்கவில்லை. அவன் அப்படியே நின்று, பொத்தென்று தரையில் உட்கார்ந்து, நல்ல கண்ணால் அழுதான். போன கண்ணிலும் அழுகை வருமாம், துணி நனைந்தது.

"எத்தன நாளா தெரியும்?"

"ஒம்போது நாள்."

"ஒம்போது நாள்" என்றான். அடித்ததைவிட அது வலித்தது.

ஜூன் 19, சனி

வாயைத் தைத்திருக்கிறார்கள். ஏணியில் இருந்து விழுந்தேன் என்று சொன்னேன். நர்ஸ் நம்பவில்லை, எழுதிக்கொண்டாள்.

அப்படியே கார்லிஸ் வீட்டுக்குப் போனேன். ஜன்னல்களில் பலகை. அவன் மச்சான் துப்பாக்கியோடு எழுந்தான். "வுடுறா" என்றான் கார்லிஸ்.

தைத்த வாயால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன். போல்ட்டுகளைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிறுக்கல் இருந்த இடத்தை நகத்தால் தடவினான்.

"அப்ப நான் சரியாத்தான் அளந்தேன்" என்றான்.

"ஆமா."

"நான் அளந்தது சரி."

"சரிதான் கார்லிஸ்."

முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். நாயைப் பற்றிக் கேட்கவில்லை. கையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மச்சான் வழியில் என் மேல் காறித் துப்பினான். துடைக்காமல் வண்டி ஏறினேன்.

அக்டோபர் 9, சனி

சந்தை. என்னை மறுபடி உள்ளே விடுகிறார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் போனேன்.

கார்லிஸ் மறுபடி மேசை போட்டிருக்கிறான். விறைத்த இரண்டு விரலும் வெளியே நிற்க, பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தான். ரிவெட் அடிப்பது இப்போது மச்சான்.

டாயில் வந்தான். ஜூனுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். எவனிடமோ வாங்கிய ருமேனியத் துப்பாக்கி ஒன்று கையில் இருந்தது. நேராக என் பக்கம்தான் வந்தான். நான் பைக்குள் கை விட்டேன். கேஜ் இன்னும் பையில்தான் இருக்கிறது. என்னைத் தாண்டிப் போய்க் கார்லிஸ் மேசையில் வைத்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கார்லிஸ் போல்ட்டை உருவினான், அளந்தான், மின்பேனாவை இடது கையில் எடுத்து எண்ணைக் கிறுக்கினான். கோணல்மாணலாக வந்தது. டாயில் அதை ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, உடல் எண்ணோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, வாய்விட்டுப் படித்தான்.

யாரோ ஒரு வயசுப் பெண் என் முழங்கையைத் தொட்டாள். "சிவப்புப் பொட்டு வைப்பாங்களாமே, அந்தம்மா நீங்கதானா? இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"நான் இல்லம்மா. அந்த மேசையில கேளு" என்றேன்.