பன்னிரண்டில் ஒன்று

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன் மாமா சரியாகச் சாப்பிட்டு மூன்று நாளாகிறது, நான் சரியாகத் தூங்கவில்லை, இரண்டுக்கும் காரணம் நீ. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன். கம்பெனி மெயிலில் எழுதினால் இரண்டு நாட்டு மேனேஜர்களும் படிப்பார்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் ஃபாக்டரியிலிருந்து கடல் தாண்டி உன் கம்பெனிக்கு அனுப்பிய இரும்பு ஷாஃப்ட்டுகளை, மேற்பரப்பில் சொரசொரப்பு அதிகம் என்று மொத்தமாக நிராகரித்திருக்கிறாய். கையெழுத்து உன்னுடையது. கிரைண்டிங் செய்தது என்னைக் கட்டிக்கொண்ட உன் மாமா. அளந்து பார்த்து, சரி என்று அனுப்பியது நான். இப்படி ஒரு குடும்பம் வேறெங்காவது உண்டா?

உன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு இடத்தில் சொரசொரப்பு அளக்கும் ஊசியை ஓட்டியிருக்கிறாய். பதினோரு இடம், கேட்டிருந்த 0.8 மைக்ரானுக்குள். ஓர் இடம் மட்டும் 0.86, அதற்குச் சிவப்பில் வட்டம் வேறு. அட, எனக்கும் அதே அளவுதானடா வந்தது! என் ஊசியும் உன் ஊசியும் சண்டை போடவில்லை, நாம்தான் போடுகிறோம்.

நீங்கள் கொடுத்த ஷாஃப்ட் வரைபடத்தின் மூலையில் எந்தத் தர விதிப்படி என்று எழுதியிருக்கிறதே, படித்தாயா? அது பழைய சர்வதேச விதி. அதன்படி பன்னிரண்டு அளவில் இரண்டு வரை மீறலாம். நீங்கள் புதிய விதிக்கு மாறிவிட்டீர்கள், அதில் ஒன்றுகூட மீறக்கூடாது. எங்களிடம் வாங்கும் இன்னொரு நாட்டுக்காரர்களோ எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்துவிட்டு நன்றி சொல்கிறார்கள். இதை மேனேஜரிடம் அரைமணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, சொரசொரப்பா இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் ஷாஃப்ட் இருந்தது.

மறுபடி கிரைண்டிங் செய்யவும் முடியாது, விட்டம் குறைந்துவிடும். திரும்பி வந்தால் அத்தனையும் பழைய இரும்புக்குத்தான். உன் மாமாவை மெஷினிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போடப் போகிறார்களாம். அவரோ, "வேணும்னே பண்றான் உன் தம்பி. அந்த பீரோ விஷயத்த இன்னும் மனசுல வச்சிருக்கான்" என்கிறார். என் தம்பி கோபக்காரன்தான், ஆனால் அளவில் பொய் சொல்ல மாட்டான் என்று உனக்காகச் சண்டை போட்டேன். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

நாங்கள் வீடு மாறிய அன்று மாடிப்படியில் நீ பீரோவை நழுவவிட்டாய். எல்லோர் முன்னாலும், "உன்ன நம்பி ஒரு வேலை குடுக்க முடியுமா" என்று அவர் கத்தினார். தப்புதான். அன்றே அவரிடமும் சொன்னேன். அதிலிருந்து நீ அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதற்கு முன்னால் நீ கால் ஒடிந்து கிடந்தபோது தினமும் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வைத்ததும் அதே ஆள்தானே? அதை எங்கே குறித்து வைத்தாய்? பீரோவுக்கு மட்டும் சிவப்பு வட்டமா?

ஷாஃப்ட்டுக்கு நான் சலுகை கேட்கவில்லை. வரைபடத்தில் உள்ள விதிப்படி இன்னொரு முறை பார். அதிலும் தேறாவிட்டால் திருப்பி அனுப்பு, வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் மனுஷனுக்கு வரைபடம் ஏதுடா? எந்த விதி என்பதை நாமே போட்டுக்கொள்வதுதான். அவருக்கு அந்தப் பழைய விதியைப் போடு.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு. பதிலை எனக்கு எழுதாதே, மாமா பெயருக்கு எழுது.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அக்கா